எங்கள் நிறம் பச்சை

சகோதரிகளே, ஒரு புத்தகத்தைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன். அதற்கு முன்னர் ஒரு தையல் இயந்திரத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான வாழ்வாதார உதவித் திட்டமொன்றில் களப்பணியாளராக இருந்தேன். 16 குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் வழங்குவதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஆயினும் பயனாளிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆகவே பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தேன்.

“தையல் மெசின் தந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்தானே?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ், நல்ல உதவி” என்றார்கள் 16 பேரும்.

‘பயனாளிகளின் பூரண சம்மதத்துடன்’ என்று அறிக்கையில் எழுதினேன். புகைப்படமும் எடுத்தோம்.

ஏழு மாதங்கள் கழித்துப் பார்வையிடச் சென்றபோது, ஒரு வீட்டில் அந்த இயந்திரம் பழைய சேலையால் மூடப்பட்டு மூலையில் நின்றது. அதன்மேல் பிள்ளைகளின் பாடசாலைப் பைகள் இருந்தன. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேநீர் தந்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“பிள்ளை, இஞ்ச 16 வீட்டிலயும் மெசின் நிக்குது. ஆர் ஆருக்குத் தைக்கிறது? எனக்கு ஒரு தண்ணிப் பம்பு கிடைச்சிருந்தால் இந்தக் காணியில மிளகாய் வைச்சிருப்பன்.”

“அம்மா, அண்டைக்குக் கூட்டத்தில இதை ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் மெசின் நல்லதுதானே எண்டு கேட்டனீங்கள். வேண்டாம் எண்டு சொன்னால் அடுத்த முறை பேரை வெட்டிப்போடுவினம் எண்டு பயம்.”

நான் சமூகவியல் பட்டதாரி. மக்கள் பங்கேற்பு அபிவிருத்தி பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அன்று அந்தத் திண்ணையில் இருந்தபோது எனக்குப் பதில் வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பின்னர்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது.

நீலச் சட்டையின் பயணம்

அமெரிக்கப் பெண்மணியான ஜக்குலின் நோவோகிராட்ஸ் எழுதிய முதல் நூல் அது. பெயர் ‘த புளூ சுவெற்றர்’. நீல நிறக் கம்பளிச் சட்டை என்று பொருள். 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆங்கில நூல் என்பதால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்து முடித்தேன்.

ஜக்குலின் ஏழு பிள்ளைகளுள் மூத்தவர். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். படிப்பு முடிந்ததும் நியூயோர்க்கில் பெரிய வங்கியொன்றில் வேலை கிடைத்தது. வங்கியின் கடன் கணக்குகளைப் பரிசீலிப்பதற்காக 40இற்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றார். வசதி படைத்தவர்கள் வாங்கிய பெருங்கடன்கள் அறவிட முடியாதவையென்று எழுதித் தள்ளப்படுவதையும், ஏழைகள் வங்கி வாசலையே மிதிக்க முடியாதிருப்பதையும் பிரேசிலில் கண்டார். 1986இல், தமது 25ஆவது வயதில் வங்கி வேலையை விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டார்.

நூலின் தலைப்புக்குக் காரணமான கதை இது. சிறுமியாக இருந்தபோது உறவினர் ஒருவர் அவருக்கு நீலக் கம்பளிச் சட்டை ஒன்றைப் பரிசளித்தார். முன்பக்கத்தில் பனி மலையும் வரிக்குதிரைகளும் பின்னப்பட்டிருந்தன. கழுத்துப் பட்டியில் தன் பெயரை எழுதி, ஆசையாக அணிந்து திரிந்தார். வளர்ந்த பின்னர் பாடசாலைப் பையன் ஒருவன் கேலி செய்யவே, வெட்கப்பட்டு அதனைப் பழைய உடுப்புச் சேகரிக்கும் தரும நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1987இல் ருவாண்டா நாட்டின் தலைநகர் கிகாலியின் தெருவில் ஒரு சிறுவன் அதே சட்டையை அணிந்து எதிரே வந்தான். ஓடிச் சென்று கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய பெயரே அதில் இருந்தது.

நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் உலகின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் மனிதரைச் சென்று தொடுகிறது என்று இந்தச் சம்பவத்துக்கு அவர் பொருள் கொள்கிறார். எனக்கோ வேறொன்று தோன்றியது. அந்தச் சிறுவனிடம் இந்தச் சட்டை வேண்டுமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகாமில் நிவாரண உடுப்புப் பொதி பிரித்தபோது வரிசையில் நின்ற எவருக்கும் இது புரியும்.

வேண்டாம் என்று சொன்ன பெண்கள்

தலைமைத்துவம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே இருக்கும். இந்த நூல் தோல்வியோடு தொடங்குகிறது. ஜக்குலின் முதலில் சென்றது ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்கு. ஆபிரிக்கப் பெண்களுக்கு உதவ வந்திருக்கிறேன் என்ற உற்சாகத்தோடு போனார். அங்கிருந்த பெண் தலைவர்களுக்கு அவர் வரவு பிடிக்கவில்லை. எங்களைக் கேட்காமல், எங்கள் மொழியும் ஊரும் அறியாத இளம் பெண்ணை எங்களுக்கு வழிகாட்ட அனுப்பியது யார் என்பதே அவர்களின் ஆதங்கம். அவர் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

இதனை மறைக்காமல் எழுதியதற்காகவே நான் இந்த நூலை மதிக்கிறேன். எங்கள் துறையில் எழுதப்படும் அறிக்கைகளில் தோல்வி என்ற சொல்லே கிடையாது. ‘சவால்கள்’ என்று எழுதிவிட்டுக் கடந்து போய்விடுவோம்.

பின்னர் அவர் ருவாண்டாவுக்குச் சென்றார். திருமணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்க முடியாத நாடாக அது இருந்தது. அந்நாட்டுப் பெண்கள் சிலருடன் இணைந்து 1987இல் ‘டுத்தெரிம்பேரே’ என்ற சிறுகடன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊக்கத்தோடு முன்னேறுவோம் என்பது அந்தப் பெயரின் கருத்து.

வெதுப்பகத்துச் சுவர்

கிகாலியின் நியாமிராம்போ என்ற பகுதியில், திருமணமாகாத தாய்மார் 20 பேருக்காகத் தரும நிறுவனங்களின் உதவியில் ஒரு வெதுப்பகம் நடந்துகொண்டிருந்தது. சமூகம் ஒதுக்கி வைத்த பெண்கள் அவர்கள். நாள் முழுவதும் உழைத்தாலும் ஒருவருக்குக் கிடைத்தது அரை டொலர்தான். வெதுப்பகம் நட்டத்தில் ஓடியது. நட்டத்தைத் தரும நிறுவனங்கள் நிரப்பின. ஆகவே நட்டத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

தரும உதவியை நிறுத்திவிட்டு இதனை உண்மையான வியாபாரமாக நடத்துவோம் என்றார் ஜக்குலின். பெண்கள் தயக்கத்துடன் சம்மதித்தார்கள். பலகாரங்களை வாளிகளில் எடுத்துக்கொண்டு கிகாலியின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி, அலுவலகம் அலுவலகமாக விற்றார்கள். தலை நிமிர்ந்து, முகம் பார்த்துப் பேசுவதே அவர்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது. கணக்கு எழுதப் பழகினார்கள். களவும் நடந்தது, சண்டையும் நடந்தது, அவற்றைத் தாண்டியும் வந்தார்கள். சில மாதங்களில் நாள் வருமானம் இரண்டு டொலரளவுக்கு உயர்ந்தது.

அதன் பின்னர் வெதுப்பகத்துக்கு வர்ணம் பூசலாம் என்று பேச்சு வந்தது. என்ன நிறம் வேண்டும் என்று ஜக்குலின் கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். இல்லை, இது உங்கள் இடம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அவர் பொறுத்திருந்தார். நாட்கள் போயின. எவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் பொறுமையிழந்து, நீலம் என்றால் எப்படி என்று கேட்டார். ஆகா, நீலம் எங்களுக்கு நல்ல விருப்பம் என்றார்கள் எல்லோரும். சுவர், யன்னல் எல்லாம் நீலமாயின. பாட்டும் ஆட்டமுமாக அந்த நாள் கழிந்தது. மாலையில் தெருவில் நின்று பார்த்து, அழகாக இருக்கிறதல்லவா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் இல்லை என்றாள். வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் நிறம் பச்சை என்றாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சேலையால் மூடிய தையல் இயந்திரம்தான் கண்முன் நின்றது.

காலமெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தவர்களால் மனதில் இருப்பதைச் சட்டென்று சொல்ல முடிவதில்லை. அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டாலும் உண்மையை அறியத்தான் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வருவதில்லை. ஆகவே செவிமடுத்தல் என்பது வாய் மூடிக் காத்திருப்பது மாத்திரமல்ல, சரியாகக் கேட்கப் பழகுவதும்தான் என்பதே ஜக்குலின் பெற்ற பாடம்.

நான் அன்று கூட்டத்தில் கேட்டது கேள்வியே அல்ல. பதிலை நானே வைத்துக்கொண்டு அவர்களிடம் தலையாட்டலை மட்டும் வாங்கி வந்தேன்.

பதவியும் நோக்கமும்

1994 ஏப்ரல் மாதம் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது. ஏறத்தாழ 100 நாட்களில் சுமார் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். பின்னர் அங்கு திரும்பிச் சென்ற ஜக்குலின், தம்முடன் பணியாற்றிய பெண்களைத் தேடினார். சிலர் உயிரோடில்லை. சிலர் குடும்பத்தை இழந்து தனித்து நின்றார்கள். சிலர் குற்றவாளிகளாகச் சிறையில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அக்னஸ் நிதமபியாரிரோ. டுத்தெரிம்பேரேயை உருவாக்கியவர்களில் ஒருவர், பெண்களின் உரிமைக்காகப் பேசிய அரசியல்வாதி. படுகொலையை நடத்திய அரசில் நீதியமைச்சராக இருந்தவரும் அவரே. 2009இல் ருவாண்டா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. போலின் நிராமசுகுக்கோ என்ற இன்னொருவரையும் இங்கு சொல்ல வேண்டும். அதே அரசில் குடும்ப, மகளிர் விவகார அமைச்சராக இருந்தவர். 2011இல் சர்வதேச நீதிமன்றம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளியாகக் கண்டது. சர்வதேச நீதிமன்றமொன்றில் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதற் பெண் அவர். அவர் சமூகப் பணிக்கெனப் பயிற்சி பெற்றவர் என்பதை அறிந்தபோது என் கை குளிர்ந்தது. என் தொழிலும் அதுதான்.

பெண் என்பதால் ஒருவர் நல்ல தலைவியாகிவிடுவதில்லை. சேவை நிறுவனத்தில் இருப்பதால் மனம் நேராகிவிடுவதுமில்லை. பதவி எதற்காக என்ற கேள்வியை ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே கேட்காதவர், பதவி கேட்பதையெல்லாம் செய்துவிடுவார். நூலில் நோக்கம் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருந்தாலும் எனக்குப் பதிந்தது இதுதான்.

மறுபுறத்தில், அதே நிறுவனத்தில் பெரிய பதவி எதுவும் இல்லாமல் அமைதியாகப் பணிபுரிந்த ஒரு பெண், அழிவுக்குத் தப்பி வந்து, தன்னைப் போன்ற விதவைகளைத் தேடிச் சென்று துணை நின்ற கதையும் இதில் வருகிறது. டுத்தெரிம்பேரேயும் மீண்டும் எழுந்தது. நாட்டிலும் மாற்றங்கள் வந்தன. 1999இல் வந்த சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சமமான சொத்துரிமையை வழங்கியது. 2008 தேர்தலில் பாராளுமன்றத்தில் பெண்கள் 56 சதவீதமாகி, உலகிலேயே பெண்கள் பெரும்பான்மையாக அமைந்த முதற் பாராளுமன்றம் அங்கு உருவாயிற்று.

மதுரையில் ஒரு பாடம்

2001இல் ஜக்குலின் ‘அக்குமென்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தருமமாகக் கொடுத்து மறந்துவிடாமலும், உடனடி இலாபம் கேட்டு நெருக்காமலும், ஏழைகளுக்குப் பயன்படும் முயற்சிகளில் பொறுமையாக முதலிடுவது அதன் வழி. அது முதன்முதலில் கைகொடுத்த இடம் நமக்குத் தெரிந்த ஊர்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வுபெற்ற டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் அதனைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் கோணலாகியிருந்தன. அந்த விரல்களாலேயே பல்லாயிரம் பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்.

அங்கு பணம் கட்டக்கூடியவர் கட்டுவார். முடியாதவருக்கு இலவசம். ஏழை என்று நிரூபிக்க எந்தக் கடிதமும் கேட்பதில்லை, வருபவரே தீர்மானிக்கலாம். கிராம சேவையாளரின் கடிதத்துக்காக எத்தனை முறை நடந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். உதவி பெறுபவரை நம்புவதும் ஓர் உதவிதான்.

சிறுகடன் பற்றி ஓர் எச்சரிக்கை

சிறுகடன் என்றதும் உங்களில் பலருக்கு நெஞ்சு திடுக்கிடும் என்பதை அறிவேன். எங்கள் பகுதிகளில் வாசலில் வந்து கடன் கொடுத்தவர்கள், பின்னர் தவணைக்காக வாசலில் வந்து குந்தியிருந்ததைக் கண்டவர்கள் நாங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்துத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும் உண்டு. இந்தத் துன்பம் பெரிதாகியதால்தான் 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட சிறுகடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது.

ஆகவே கடன் வாங்கினால் முன்னேறலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வெதுப்பகத்தை உயர்த்தியது பணம் மட்டுமல்ல. விற்பதற்குச் சந்தை இருந்தது. கணக்கு இருந்தது. கூட நின்று கற்பித்த ஒருவர் இருந்தார். இவை இல்லாமல் கொடுக்கப்படும் கடன், நீச்சல் தெரியாதவரைக் குளத்தில் இறக்குவதற்குச் சமம்.

நாங்களும் சொல்லிப் பார்ப்போம்

நூலில் எனக்கு ஒரு குறையும் உண்டு. வெதுப்பகப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதை ஜக்குலினின் வாயால்தான் அறிகிறோம். பச்சை என்று சொன்ன பெண் எழுதியிருந்தால் அது வேறு புத்தகமாக இருந்திருக்கும். உதவி செய்யப் போனவர்களே எப்போதும் எழுதுகிறார்கள். உதவி பெற்றவர்கள் புகைப்படங்களில் மட்டும் நிற்கிறார்கள்.

படித்து முடித்தபின் அதே கிராமத்துக்குச் சென்றேன். மாதர் சங்கக் கூட்டத்தில், அன்று நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு வெதுப்பகத்தின் கதையைச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தையல் இயந்திரத்தை மூடி வைத்திருந்த அம்மாதான் முதலில் பேசினார்.

“அந்தப் பச்சை எண்டு சொன்ன பிள்ளைக்கு அதுக்குப் பிறகு பேர் வெட்டினவையோ?”

“இல்லை அம்மா. அவளைப் பற்றித்தான் புத்தகத்தில எழுதியிருக்கு.”

“அப்ப நாங்களும் சொல்லிப் பார்ப்பம்” என்றார். மண்டபமே சிரித்தது.

அன்று சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் தமக்கு உண்மையில் தேவையானதைத் தாமே எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்தாள். ஒன்பது பேர் தண்ணீர்ப் பம்பு என்று எழுதினார்கள். இருவர் ஆடு என்றார்கள். ஒருவர் கணவரைத் தேடிக் கொழும்புக்குப் போய்வரப் பஸ் காசு என்று எழுதினார். நான்கு பேர் தையல் இயந்திரமே போதும் என்றார்கள். கேட்காமல் இருந்திருந்தால் இதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

எல்லாம் கிடைத்துவிட்டன என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அந்தப் பட்டியலுடன் இரண்டு இடங்களில் கேட்டோம். ஓரிடத்தில் கைவிரித்தார்கள். மற்ற இடத்திலிருந்து ஐந்து பம்புகள் கிடைத்தன. யார் யாருக்கு என்பதைச் சங்கமே கூடித் தீர்மானித்தது. எங்கள் அலுவலகத்தின் சம்மதத்தோடு தையல் இயந்திரங்கள் சில நகரத்துத் தையல் நிலையத்துக்கு விற்கப்பட்டன. அந்த அம்மாவுக்கு முதற் சுற்றில் பம்பு கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் பெயரை எவரும் வெட்டவில்லை. இப்போது சங்கத்தின் தலைவியும் அவர்தான்.

சகோதரிகளே, அடுத்த முறை எங்களைப் போன்றவர்கள் கொப்பியும் பேனையுமாக உங்கள் படலையைத் திறக்கும்போது சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கூட்டத்துக்கு முன்னரே சங்கமாகக் கூடிப் பேசுங்கள். தனித்துச் சொன்னால் பயம் வரும். சேர்ந்து சொன்னால் அது கிராமத்தின் கோரிக்கை.

இரண்டாவது, சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, வந்தவரின் கையொப்பத்தையும் வாங்குங்கள்.

மூன்றாவது, கடன் என்றால் மொத்த வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன நடக்கும் என்று கேட்டு, எழுத்தில் பெறாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நான்காவது, உங்கள் படத்தையும் கதையையும் எங்கே போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் மறுக்கலாம். அது உங்கள் உரிமை.

ஐந்தாவது, ஒரு கொப்பியில் நீங்களும் எழுதுங்கள். இன்று என்ன விற்றேன், எதற்கு அழுதேன், யாருக்குத் துணை போனேன் என்று நாலு வரி போதும். ஜக்குலின் தமது முதல் நூலை வெளியிட்டது ஆபிரிக்காவுக்குச் சென்று 23 ஆண்டுகளின் பின்னர்தான். உங்களிடம் அதைவிட நீண்ட கதை இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு பச்சை நிறக் காகிதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் களப்பணியாளர்கள் அது என்ன என்று கேட்பார்கள். கதையைச் சொல்லிவிட்டு, கேள்விக் கொத்தை எடுத்து வரச் சொல்வேன். ‘தானே’ என்று முடியும் கேள்விகளையெல்லாம் முதலில் வெட்டிவிட்டுத்தான் கிராமத்துக்குப் புறப்படுவோம்.